ஒழுக்கமான கொலை

கோவைக்கு வெளியே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் பொறியியல் கல்லூரி ஒன்றில் நான் ஆங்கில ஆசிரியர். விருந்துக்கு வந்த ராஜாவைத் தளபதியும் அவன் மனைவியும் சேர்ந்து கொல்லும் பழைய ஆங்கில நாடகம் ஒன்றை ஆண்டு விழாவுக்குத் தயார் செய்தேன். ஒத்திகை பார்த்த முதல்வர் கொலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"ஏனுங்க சார், பையனும் புள்ளையும் இவ்வளவு பக்கத்துல நின்னா பெத்தவங்க என்ன நெனப்பாங்க? தள்ளி நிக்கச் சொல்லிப்போடுங்க."

தள்ளியே நிற்க வைத்தேன். விழாவன்று மேடையின் இரு கோடிகளில் நின்று தம்பதி தீட்டிய ரகசியச் சதி, கடைசி வரிசை வரை காதைக் கிழித்தது. நடுவில் படுத்திருந்த ராஜாதான் பாவம், அத்தனையையும் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டியிருந்தது. கத்திக்குத்து விழுந்தது. முதல்வர் பூரித்துப்போய்ப் பெற்றோர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? நம்ம காலேஜ்ல தப்புத்தண்டாவுக்கே எடமில்லீங்க."