செகிஞ்சான் ஆலையில் யாரும் போன் எடுக்கவில்லை

ஓர் உயிர் என்னால் போய்விடுமோ என்று நடுங்கிய ஒரு பிற்பகலை, அம்மனை நம்பும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

நான் புக்கிட் செந்தோசாவில் இருக்கிறேன். ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில், நெல் காயவைக்கும் ஆலைகளுக்கான பெரிய காற்றாடிகளைப் பூட்டும் குழுவுக்கு சூப்பர்வைசர். எங்கள் வழக்கப்படி, ஒரு போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையில் சிவப்புப் பெயின்டால் புள்ளி வைப்போம். புள்ளி இருந்தால் மறுபடி தொட வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று என் மகளுக்குக் காய்ச்சல். பூஜை தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை செகிஞ்சான் நெல் ஆலைக்குப் போக வேண்டிய ஒரு காற்றாடி லோரிக்காகக் காத்திருந்தது. எட்டிப் பார்த்தேன். எல்லாப் போல்ட்டிலும் சிவப்புப் புள்ளி. என் குழுவில் இருக்கும் ஃபைசால் அதன் மூடியைப் பூட்டினார். அனுப்பச் சொன்னேன்.

போல்ட் இறுக்கும் கமலா அக்கா அன்று அரை நாள் விடுப்பு. மதியம் வந்ததும் கேட்டார்.

"ஏம்மா, அந்த ஃபேன் எங்க? நான் இன்னும் டைட் பண்ணலையே."

"புள்ளி இருந்துச்சேக்கா."

"அது குங்குமம்லா. நேத்து பூஜைல ஒரு போல்ட்டுக்கு மட்டும் வச்சா மத்ததுங்க கோச்சுக்குமேன்னு எல்லாத்துக்கும் வச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய குங்குமம் எனக்குப் பெயின்டாகத் தெரிந்திருக்கிறது. போல்ட் இறுக்காத அந்தக் காற்றாடியின் சக்கரம் வேகமெடுத்தால் கழன்று பறக்கும். பக்கத்தில் நிற்பவர் பிழைக்க மாட்டார். லோரி டிரைவரைக் கூப்பிட்டேன். இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். "வயர்மேன் ரெடியா நிக்கிறாரு, இன்னிக்கே ஓட்டிப் பாப்பாங்க" என்றார்.

ஆலைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஃபைசாலின் காரில் புறப்பட்டோம். பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டியும் எடுக்கவில்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே சாலை முடிவதாக இல்லை. நேற்று நான் வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாமோ? போகாமல் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? ஒரு போல்ட்டையாவது கையால் தொட்டுப் பார்த்திருந்தால் என்ன? போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அங்கே என்னவோ நடந்துவிட்டது, அதனால்தான் எடுக்கவில்லை என்று உறுதியாக நம்பினேன்.

"சபார், காக்," பொறுமையா இருங்கக்கா என்று மலாயில் சொன்னார் ஃபைசால். அவர் உதடுகளும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன.

வழியில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில். நிற்க நேரமில்லை. ஓடும் காரிலிருந்தே கும்பிட்டேன். "தாயே, என்னால் ஒன்றும் முடியவில்லை. நீ போ." வேறு வார்த்தை வரவில்லை.

கோலசிலாங்கூரைத் தாண்டும்வரை நல்ல வெயில். செகிஞ்சானை நெருங்கும்போது சாலை நனைந்திருந்தது.

ஆலை முற்றத்தில் சீன முதலாளி முதல் வயர்மேன் வரை எல்லோரும் தொப்பலாக நனைந்து, கொட்டிக் கிடந்த நெல்லின் மேல் கேன்வாஸை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றாடிக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை.

"நெல்லு நனையுது, போனை யாரு பாக்கிறது?" என்று முதலாளி மலாயில் சலித்துக்கொண்டார். சுவிட்சைப் போடப் போன நேரத்தில் மழை கொட்டியதாம்.

மூடியைக் கழற்றினோம். முதல் போல்ட் என் விரலுக்கே சுழன்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர்கள் போன் எடுக்காத ஒவ்வொரு முறையும் அம்மன் என்னைக் கைவிட்டாள் என்றே எண்ணினேன். அவர்கள் எடுக்காததற்குக் காரணமே அவள் அனுப்பிய மழைதான்.

எனக்குப் பயம் முழுவதும் போய்விடவில்லை. இப்போது எது வெளியே போனாலும் நானே ஸ்பானர் வைத்துப் பார்க்கிறேன். ஆனால் கேட்ட உடனே பதில் வரவில்லையே என்று மனம் உடைவதில்லை. உங்கள் கை எட்டாத இடத்தில் உங்களுக்கு வேண்டியவர் யாராவது இருக்கலாம். அவளிடம் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேருமுன் அவள் அங்கே இருப்பாள்.