ஃபிரிட்ஜைத் துரத்திய ஷோர்மே

மேசை விசிறியின் கழுத்தைப் பிடித்து ஷோர்மே இரண்டு ஆட்டு ஆட்டினாள். கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது.

"போச்சு. இன்னைக்கே வெளிய."

"அக்கா, நேத்துகூட ஓடிச்சுக்கா!" என்று கெஞ்சினாள் விசிறிக்குச் சொந்தக்காரியான எதிர் அறை அக்வேலே.

"நேத்து ஓடினது நேத்தோட சரி. சும்மா நிக்கிற சாமான் உனக்கு வாடகை குடுக்குமா?"

தெஷி என்ற ஊரில், கடலைப் பார்த்திருக்கும் அந்த வளவில் இந்தக் கேள்விக்குப் பயப்படாத குடும்பம் இல்லை. காலில்லாத நாற்காலி, காது போன வாளி, திரை வெடித்த டிவி என எது கண்ணில் பட்டாலும் ஷோர்மேக்குக் கை அரிக்கும். தெருமுனையில் பழைய சாமான் வண்டியின் ஒலிபெருக்கி, "உடைஞ்ச ஃபிரிட்ஜ், உடைஞ்ச டிவி, ஓடாத விசிறி" என்று கூவத் தொடங்கினால் மற்றவர்கள் சாமானைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஷோர்மே மட்டும் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். அடுப்பில் அவள் விற்கும் கெங்கே என்ற புளித்த சோளமாவு உருண்டைகள் வெந்துகொண்டிருந்தாலும் சரி, கடையில் ஆள் காத்திருந்தாலும் சரி.

தூக்கிப் போடுகிற எதையும் அவள் திறந்து பார்ப்பதில்லை. "பாத்தா பாசம் வந்துரும். பாசம் வந்தா வீடு கொள்ளாது" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் லார்யே, தெருவில் வளைந்த ஆணியைக் கண்டால் குனியாமல் தாண்டமாட்டார். தெமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. பேசினாலும் பெரும்பாலும் "ஒரு நாள் உதவும்" என்ற மூன்றே வார்த்தைதான். குளிர்விப்பதை எப்போதோ மறந்துவிட்ட ஃபிரிட்ஜ் ஒன்று அவருடைய அலமாரியாக அறை மூலையில் நின்றது. கதவு நிற்காததால் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதன்மேல் மட்டும் ஷோர்மே கை வைக்காமல் இருந்தாள்.

காலையில் விசிறி வெளியேறிய அதே நாள், பேரனுக்குப் பேர் வைக்கும் நாளுக்கு முந்தைய நாள், அந்தக் கட்டுப்பாடும் போயிற்று. மருமகளின் வீட்டார் வந்து தங்க வேண்டும். பாய் விரிக்க இடமில்லை. லார்யே மறுநாள் சடங்குக்காகத் தலை மழிக்கப் போயிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து, வழக்கமாக வரும் வண்டிக்காரன் நபாரி தெருவில் கூவினான். கயிற்றோடு, கதவோடு, ஃபிரிட்ஜ் வண்டியேறியது.

பளபளக்கும் தலையோடு திரும்பியவர் மூலையைப் பார்த்தார்.

"எங்க?"

"போயே போச்சு! எவ்ளோ எடம் பாரு, ஆடலாம்!" என்று ஷோர்மே உண்மையாகவே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"ஷோர்மே, என் வெள்ளைத் துணி அதுக்குள்ள இருக்கு."

அவள் கால் அந்தரத்தில் நின்றது. எந்தத் துணி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறந்த எட்டாம் நாள் லார்யேயைக் கையில் ஏந்தி வானத்துக்குக் காட்டியபோது அவருடைய அப்பா போர்த்தியிருந்த துணி. விடிந்தால் அதே துணியைப் போர்த்திக்கொண்டு அவர் பேரனை ஏந்த வேண்டும். குடும்பமே கூடி அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது.

"ஐயோ பாவி நான்! வா மனுஷா, நிக்காத!"

தெருவில் டாக்சி இல்லை. வந்தது இசாகாவின் மூன்று சக்கர வண்டி. அதுவும் பழைய சாமான் வண்டிதான். ஏறச் சொன்னான். ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் ஷோர்மேயும், கவிழ்த்த சோபாவின்மேல் லார்யேயும் உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கியை நிறுத்தும் பொத்தான் எப்போதோ உடைந்துவிட்டது. "உடைஞ்சது, ஓடாதது எல்லாம் எடுப்போம்" என்று கூவிக்கொண்டே வண்டி பறந்தது.

மீன் பொரிக்கும் பெண் ஒருத்தி கரண்டியை நீட்டிக் கேட்டாள்: "ஏக்கா, அந்தக் கிழவரு என்ன வெலை?"

"விக்கிறதுக்கில்ல! பாதி இன்னும் ஓடுது!" என்று ஷோர்மே திருப்பிக் கத்தினாள்.

"எந்தப் பாதி?"

தெருவே சிரித்தது. ஷோர்மேக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. பள்ளத்தில் வண்டி குதித்தபோது லார்யே மனைவியின் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். வழியில் இரண்டு வண்டிகளை மறித்து, யாருடையவோ இரண்டு ஃபிரிட்ஜ்களைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றில் கரப்பான்கள். மற்றொன்றில் தூங்கிக்கொண்டிருந்த கோழி, கோபத்தோடு வெளியேறியது.

நபாரியின் கொட்டகையில், மர நிழலில், கயிறுகூட அவிழ்க்கப்படாமல் நின்றது அந்த ஃபிரிட்ஜ். நபாரி சாவகாசமாக எழுந்தான்.

"வாங்க பெரியவரே. என்ன இன்னைக்கு லேட்டு? உங்களுக்குன்னுதான் தனியா வெச்சேன்."

ஷோர்மே கணவரைத் திரும்பிப் பார்த்தாள். லார்யே மரத்தைப் பார்த்தார்.

"வழக்கமா வருவாரா?"

"அக்கா சாமான் போட்டா சாயங்காலமே வந்துருவாரே! ரெண்டு கெங்கே குடுப்பாரு, சாமானை எடுத்துக்குவாரு. நல்ல கெங்கேக்கா. எங்க வாங்குறாருன்னுதான் சொல்லமாட்டேங்குறாரு."

"பானையில ரெண்டு ரெண்டா கொறையுதேன்னு நான் பக்கத்து வீட்டு ஆட்டையில்ல அடிச்சேன்!"

கயிற்றை அவளே பிய்த்தாள். மேல்தட்டில் வெள்ளைத் துணி, மடிப்புக் கலையாமல். அதற்குக் கீழே அவள் துரத்தியடித்த சாமான்கள் எல்லாம்: பிடி போன கரண்டி, ஒற்றைச் செருப்பு, நின்ற கடிகாரம், பல் உதிர்ந்த சீப்பு. அக்வேலேயின் தொங்கு கழுத்து விசிறிகூட.

"விசிறி காலையிலதானய்யா போட்டேன்!"

"தல மழிக்கப் போற வழியில வாங்கி, திரும்பி வந்து உள்ள வெச்சுட்டுப் போனேன்..." என்றார் லார்யே.

ஷோர்மே தரையில் உட்கார்ந்து, மூச்சு முட்டும்வரை சிரித்தாள். நபாரியும் இசாகாவும் என்னவென்று புரியாமலே சேர்ந்துகொண்டார்கள்.

விடியலில் வளவு முற்றம் நிறைந்திருந்தது. லார்யே வெள்ளைத் துணியைத் தோளில் போர்த்தி, பேரனை மூன்று முறை வானத்துக்கு உயர்த்திக் காட்டினார். ஏந்துகிறவரின் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்பார்கள். "என்னை மாதிரி இரு" என்று அவர் சொல்ல, "எல்லாத்துலயும் வேணாம்!" என்று பின்னாலிருந்து ஷோர்மேயின் குரல் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பிள்ளையைத் தாயிடம் கொடுக்கும்போது ஒரு தடங்கல். அவன் தாத்தாவின் துணி ஓரத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தான். விடவில்லை. ஷோர்மே வந்து சுண்டுவிரலை மெல்லப் பிரித்தாள். அடுத்ததைப் பிரிப்பதற்குள் முதலாவது மறுபடி மூடிக்கொண்டது. இன்னொரு முறை முயன்றாள். பிறகு விட்டுவிட்டாள்.

தாய் பிள்ளையோடு அறைக்குள் நடக்க, துணி இழுத்த இழுப்புக்கு லார்யேயும் பின்னாலேயே போனார். ஷோர்மே குனிந்து, துணியின் மறுமுனை மண்ணில் புரளாமல் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள்.