நின்றுதான் சொல்ல வேண்டும்

பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் இழுக்கும் சத்தம். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து எழுகிறவர்களிடமிருந்து வந்தாலும் என் பல் கூசுகிறது. உள்ளே ஒன்று கொதித்துக் கிளம்புகிறது. இன்னும் ஆறவில்லை அது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். ஜவுளிக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். ஏழெட்டுப் பேரில் நான்தான் வயதில் மூத்தவள். மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. எங்கள் மேலாளர் சென்னைக்குப் போய் ஏதோ பயிற்சி எடுத்து, ஸ்க்ரம் மாஸ்டர் என்ற சான்றிதழோடு திரும்பினார். மறுநாளே நாற்காலிகள் சுவரோரம் போயின. தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். ‘ஸ்டாண்டப்’ கூட்டம் என்று அதற்குப் பெயர். நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்வாய், தடை ஏதாவது உண்டா? அவர் முகத்தைப் பார்த்து ஒப்பிக்க வேண்டும்.

எரிச்சலில் அந்த ஸ்க்ரம் என்ற வேலைமுறையின் கையேட்டைத் தேடிப் படித்தேன். சின்னதுதான். பெரிய வேலையைச் சில வாரத் துண்டுகளாக வெட்டிக்கொள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஓடுகிற ஒன்றைக் காட்டு. தினமும் கால்மணி நேரம் குழு தனக்குள் பேசிக்கொள்ளட்டும். தனக்குள்! மேலாளருக்குக் கணக்கு ஒப்படைக்க அல்ல. குழுவின் வழியில் கிடக்கும் தடையை அகற்றப் பார்ப்பது ஸ்க்ரம் மாஸ்டரின் பொறுப்பு. நிற்க வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை.

எங்கள் கால்மணி நேரமோ முக்கால் மணி நேரமாக வீங்கியது. நடுவில் அவருக்குப் போன் வரும். ஜன்னலோரம் போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசுவார். நாங்கள் நிற்போம்.

என் பக்கத்தில் நிற்பவள் ஐயம்பேட்டைப் பெண். எட்டாம் மாதம். செருப்பு வார் அவள் பாதத்தில் புதைந்து கிடக்கும். பிரசவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். மேலாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அன்று அவள் முறை வந்தது.

“நேத்து ரிட்டர்ன் பில்லு முடிச்சேன் சார். இன்னிக்கு ஜிஎஸ்டி ரிப்போர்ட். தடை வந்து… கால் வீங்கிக்கினே இருக்குது சார். நிக்க முடியல.”

“புராஜெக்ட்ல என்ன தடைன்னு கேட்டேன்மா. வீட்டு சமாச்சாரத்த வீட்டோட வெச்சிக்கோ.”

“கருட சேவைக்கு ரோட்ட மறிச்சிட்டாங்கன்னு நான் சொன்னப்போ மட்டும் தடைன்னு போர்டுல எழுதிக்கினீங்களே சார்!” என்றான் எதிரில் நின்ற பையன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நான் போய் ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவள் பின்னால் போட்டேன்.

“உக்காரும்மா.”

“மேடம், ஸ்டாண்டப்னா நிக்கணும்.”

“அந்தக் கையேட்டுல எந்தப் பக்கத்துல போட்டிருக்குது? காட்டுங்க பாக்கலாம். இவ காலு தடை இல்லன்னா வேற எதுதான் சார் தடை? நீங்கதான்!”

என் குரல் கீழே கடைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்தார்.

“நீயே சொல்லும்மா. உக்காரணுமா?”

“வேணாம் சார்.”

அன்று கூட்டம் ஒரு மணி நேரம் நீண்டது. வேண்டுமென்றே நீட்டினார்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவுக்கு அவளோடு நின்றிருந்தேன். எனக்கு இன்னும் அடங்கவில்லை.

“முதலாளிகிட்டயே போயி சொல்றேன் பாரு, நாளைக்கு.”

“சொல்லி? லீவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியது இவருதான்கா. மத்தியானம் போயி கேட்டேன். ‘உனக்காகப் பேசறாங்களே, அவங்ககிட்டயே வாங்கிக்கோ’ன்றாரு.”

“உனக்காகத்தானே பேசினேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவர் மேல் வந்த கோபத்தைவிட அந்தக் கேள்வி மேல் அதிகமாக வந்தது. அவள் மேல்கூட வந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்ட? ஆட்டோ வந்தது. உள்ளே ஒரு அம்மா நகர்ந்து இடம் விட்டார். கம்பியைப் பிடித்து மெல்ல ஏறி உட்கார்ந்தவள், என் பக்கம் திரும்பினாள்.

“கையெழுத்து வாங்கற வரைக்கும் நான் நின்னுக்கறேன்கா. நீங்க கம்முனு இருங்க.”