தாழம்பூ கண்டக்டர்

முதல் டிக்கெட்டைக் கிழிக்கும் முன் பூமிநாதன் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பஸ்ஸின் பின்படியில் நின்று, காக்கிச் சட்டையின் உள்பையிலிருந்து சுண்டுவிரல் நீளச் சீசாவை எடுப்பான். அதன் வாயை ஆள்காட்டி விரலால் அடைத்து ஒரே ஒரு தடவை கவிழ்ப்பான். விரலில் ஒட்டியதை இடது மணிக்கட்டில் வைத்து, வலது மணிக்கட்டால் ஒற்றி, மிச்சத்தைக் காதுமடலுக்குப் பின்னால் இடுவான். தேய்க்கமாட்டான். தேய்த்தால் பூ செத்துப்போகும் என்பது அவன் கட்சி. அதற்கப்புறம்தான் விசில்.

தாழம்பூ அத்தர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் பிடித்த கிறுக்கு அது. கல்யாண வீடுகளுக்கு அத்தர் கொண்டுபோகிற மீரான் சாகிபு, மடியில் மரப்பெட்டியோடு கண்டனூர் பஸ்ஸில் வந்தார். டிரைவர் ஆட்டுக்காகப் போட்ட பிரேக்கில் ஒரு சீசா தெறித்து, கண்டக்டரின் கையில் கவிழ்ந்தது.

“பதறாதீக தம்பி, கறை பிடிக்காது. வாசம் பிடிச்சுப் போனா அதுக்கு நான் பொறுப்பில்ல” என்றார் சாகிபு.

பிடித்துப் போனது. டீசலும் வேர்வையும் ஈரச் சில்லறையுமாக மணந்துகொண்டிருந்தவன், அன்று சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போடவில்லை. நாலாம் நாள் சாகிபின் கடைக்கே போனான். மல்லிகையைக் காட்டினார், ரோஜாவைக் காட்டினார். இரண்டையும் தள்ளிவிட்டான். “அதெல்லாம் அடுத்தவன் வீட்டு விசேஷம் மாதிரி இருக்கு பாய். அந்த முள்ளுப் பூவைக் குடுங்க.”

பஸ்ஸில் கேலிக்குக் குறைவில்லை.

“ஏன் கண்டக்டரே, தாழம்பூவுக்குப் பாம்பு வருமாம்ல. டிக்கெட் எடுத்துச்சா?”

“எடுத்திருச்சு ஆத்தா, அரை டிக்கெட்டு. உங்க சீட்டுக்கு அடியிலதான் படுத்திருக்கு. காலைத் தூக்கிக்கங்க.”

கேலி வினையானது அறுபத்தெட்டில். நாச்சியாபுரத்து முத்தழகைப் பேசி, பரிசம் போட நாளும் குறித்திருந்தார்கள். அவளை பஸ்ஸில் இரண்டு முறை பார்த்திருக்கிறான். டிக்கெட்டை வளையலுக்குள் செருகிக்கொள்கிற பெண். அந்த இரண்டு தடவையிலேயே மனசு போய்விட்டது.

இந்த நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் சேவுகன், மாப்பிள்ளையை வேவு பார்க்க, யாரென்று சொல்லாமல் பஸ்ஸில் ஏறினார். முகர்ந்தார். தாழம்பூவைப் பெண்கள்தான் சடையில் வைத்துத் தைப்பார்கள். ஆண் சட்டையில் அந்த வாசம் அடித்தால், சடை எங்கே சாய்ந்தது என்பதுதானே கேள்வி? பஸ் போய் நிற்கிற கண்டனூரிலோ பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, ஒதுங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. மிச்சத்தை அவரே கற்பனை செய்துகொண்டார்.

பரிசத்தன்று, சபைக்கு நடுவே தட்டில் சூடத்தை ஏற்றி வைத்தார்.

“மாப்ளே, ரெண்டு சத்தியம். கண்டனூர்ல தொடுப்பு இல்லைங்கிறது ஒண்ணு. இனி இந்தக் கருமத்தைத் தொடமாட்டேங்கிறது ரெண்டு. அணைங்க.”

பூமிநாதன் உள்ளங்கையால் சூடத்தை அணைத்தான். கரியைத் துடைத்துக்கொண்டான்.

“ஒண்ணுக்கு அணைச்சாச்சு மாமா. ரெண்டாவதுக்கு அணைக்க மாட்டேன்.”

“ஒரு சீசாவுக்காகப் பொண்ணை விடுறீகளா?”

“பொண்ணை நான் விடல. நீங்கதான் சீசாவை விடமாட்டேங்கிறீக.”

“ஆம்பளைக்கு எதுக்குய்யா பூ வாசம்?”

“மாப்பிள்ளைக்கு மாலை போடுறோம். செத்தாலும் போடுறோம். நடுவுல உசுரோட இருக்கிற நாள்ல மட்டும் ஆம்பளை நாறணுமா?”

அவன் அம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். சரி என்று ஒரு சொல் போதும், முத்தழகு அவனுக்குத்தான். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. இன்றைக்குச் சீசாவைக் கொடுத்தால் நாளைக்கு எதைக் கேட்பார்கள் என்று நினைத்தான். விழுங்கிவிட்டான்.

சேவுகன் குனிந்து, மாப்பிள்ளை வீட்டுப் பரிசத் தட்டைத் தூக்கித் திருப்பிக் கொடுக்கப் போனார்.

“மாமா, தட்டைக் கீழ வையுங்க.”

நிலைக்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து முத்தழகின் குரல். பரிசத்தன்று பெண் பேசி அந்தச் சபை கேட்டதில்லை.

“அந்த வாசம் எனக்குப் பிடிச்சிருக்கு. பஸ்ஸில வந்தப்பவே பிடிச்சுப்போச்சு.”

“பெரியவுக பேசுற எடத்தில நீ எதுக்கு…”

“கட்டிக்கப் போறது நானா, நீங்களா?”

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லாருமே. சேவுகன் தட்டை வைத்துவிட்டு வெற்றிலையைத் தேடினார்.

வைகாசியில் கல்யாணம். தாலி கட்டுகிற கையிலும் தாழம்பூதான் மணந்தது. பின்னாளில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் முகம் சுளித்தபோதும், “டிக்கெட்டைச் சோதிங்க சார், என்னைச் சோதிக்காதீக” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தான். சீசா மாறவில்லை.

எழுபத்தேழில், மகன் காதுகுத்தில் வைத்துப் பேச்சுவாக்கில் முத்தழகின் தாயார் சொல்லித்தான் அந்த விஷயம் வெளியே வந்தது. ஒன்பது வயதில் கண்ட விஷக்காய்ச்சலில் முத்தழகுக்கு மோப்பம் அடியோடு போய்விட்டதாம். அடுப்பில் பால் கருகினாலும் கண்ணால் பார்த்தால்தான் தெரியுமாம். பஸ்ஸில் அவள் எந்த வாசத்தையும் முகர்ந்திருக்க முடியாது.