ஐந்தாம் நம்பர் பெட்டிக்கு ஒரு சாட்சி

கொம்பையா தச்சநல்லூர் தபாலாபீஸில் இருபத்திரண்டு வருஷமாக ஊரார் பார்சல்களை எடை போட்டுவந்தார். அவரை யாரும் எடை போட்டதில்லை. அங்கிருந்த தராசுத் தட்டு அவ்வளவு பெரிதில்லை என்பது ஒரு காரணம். மனைவி போய் ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் கவுன்டரை அடைத்தால் மறுநாள் காலைவரை அவரிடம் பேசுவது ரேடியோ மட்டும்தான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆனி மாதம், ரேடியோவும் ரிப்பேராகிவிட, திருநெல்வேலிப் பொருட்காட்சிக்குப் போனார். ராட்டினத்தில் பெட்டிக்கு இரண்டு பேர். ஐந்தாம் நம்பர் பெட்டியைக் கொம்பையா தனியாகவே நிறைத்தார். பெட்டி ஓர் ஆள் உயரம் ஏறியதும் ராட்டினம் நின்றது. மைக் பேசியது.

"அஞ்சாம் நம்பர் பெட்டியில இருக்க குண்டு அண்ணாச்சி, தயவுசெஞ்சு இறங்கிக்கிடுங்க. ராட்டினம் இழுக்க மாட்டேங்குது."

'தயவுசெஞ்சு' சொன்னதில் குறையில்லை. மைதானமே சிரித்தது. டெல்லி அப்பளம் தின்றவர்கள் அப்பளம் உடையாமல் ஓரமாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் கொம்பையா வக்கீல் குமரகுருபரனைப் பார்த்தார்.

"மூணு வழி இருக்குவே," என்றார் வக்கீல். "அவதூறுன்னு கேஸ் போடலாம், நீரு பென்சன் வாங்குததுக்குள்ள முடியாது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். டிக்கெட் எடுத்திருக்கீரு, வெள்ளைத்தாள்ல எழுதிக் கொடுத்தாப் போதும். மூணாவது, மறந்துடலாம். அதுக்கு நான் பீஸ் வாங்குததில்ல."

"ரெண்டாவது."

"நஷ்டஈடு எவ்வளவு கேக்க?"

"துட்டு வேண்டாம். அதே மைக்குல, அதே சத்தத்துல மன்னிப்புக் கேக்கணும். அம்புட்டுதான்."

வக்கீல் நோட்டீஸுக்கு ராட்டினக்காரர் ஒரு வரியில் பதில் போட்டார். 'அப்படி எதுவும் நடக்கவில்லை.'

"ஒரு சாட்சி வேணும்வே."

"ஆயிரம் பேரு பாத்தாங்கல்லா!"

"அதுல ஒருத்தரைக் கூட்டிட்டு வாரும்."

கவுன்டருக்கு வந்தவர்களிடம் கேட்டார். ஆறாம் நம்பர் பெட்டியில் இருந்த அப்பாத்துரை வாத்தியார், "நானா? அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்லா அண்ணாச்சி," என்றார். ஜவுளிக்கடை கார்த்திகேசன் ஒரு படி மேலே போய், "பொருட்காட்சி போட்டிருக்கானா? எங்கன?" என்றார்.

பயமில்லை, வஞ்சகமும் இல்லை. எல்லாம் மரியாதை. எங்கள் ஊரில் ஒருவர் வழுக்கி விழுந்தால் கைகொடுத்துத் தூக்குவோம். பிறகு அவர் விழவே இல்லை என்று அவரிடமே சாதிப்போம். கொம்பையா மனம் நோகக்கூடாது என்று ஊரே கூடி அவர் கேஸைக் கொன்றுகொண்டிருந்தது.

புதன்கிழமைதோறும் சென்னையிலுள்ள மகளுக்கு முறுக்கு அனுப்பும் சித்தி ஜனாபா என்கிற அம்மா வந்தார். கொம்பையா நம்பிக்கையில்லாமல்தான் கேட்டார்.

"பாத்தேன் அண்ணாச்சி. நேர் கீழதான் நின்னேன். சிரிச்சும்புட்டேன். வீட்டுக்குப் போயி மனசு கேக்கல."

"சிரிச்சேன்னு எழுதித் தருவீங்களாம்மா?"

"நடந்தது அதானே? எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன்."

அன்று அந்த முறுக்குப் பார்சலைக் கொம்பையா மூன்று தடவை எடை போட்டார்.

கேஸ் பதினோரு மாதம் நடந்தது. அந்த அம்மாவின் ஒரு பக்க வாக்குமூலத்தைப் பார்த்ததும் ராட்டினக்காரர் மன்னிப்புக்குச் சம்மதித்தார். வாய் வார்த்தைக்குச் செலவில்லை.

அடுத்த ஆனியில் பொருட்காட்சி திரும்ப வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு கொம்பையா ராட்டினத்தின் கீழே நின்றார்.

"போன வருஷம் இதே ராட்டினத்துல தச்சநல்லூர் தபாலாபீஸ் கொம்பையா அண்ணாச்சியைக் குண்டுன்னு சொன்னதுக்கு நிர்வாகம் மன்னிப்புக் கேட்டுக்கிடுது."

போன வருஷம் வெறும் குண்டு அண்ணாச்சி. இந்த வருஷம் பேர், ஊர், உத்தியோகம் எல்லாம் சேர்ந்துவிட்டன. சட்டம் எதையும் முழுசாகத்தான் செய்யும்.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் செருப்பைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். கார்த்திகேசன் தன் மகள் கையிலிருந்த பலூனில் ஓட்டை தேடினார்.

திங்கட்கிழமை கவுன்டரில் ஒவ்வொருவரிடமும் கேட்டார். "நேத்து மைக்குல சொன்னதைக் கேட்டீங்களா?"

"மைக்கா? எப்போ அண்ணாச்சி?"

வாத்தியாருக்கு நேற்றும் காய்ச்சலாம்.

புதன்கிழமைக்காகக் காத்திருந்தார். சித்தி ஜனாபா முறுக்கோடு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை கேட்டீங்களாம்மா?"

"நான் போவலையே அண்ணாச்சி. மூட்டு வலி, எந்திரிக்க முடியல."

அந்த அம்மா பொய் சொல்லமாட்டார் என்பது கோர்ட்டிலேயே நிரூபணமான விஷயம். கொம்பையா பார்சலைத் தட்டில் வைத்தார். முள் ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னானா அண்ணாச்சி?"

"சொன்னான்மா," என்றார். அதற்குச் சாட்சி அவர் ஒருவர்தான்.