மஞ்சள் தாள் ஒட்டிய பரீட்சைப் புத்தகம்

களமருதூர்ப் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் நான் நூலகராக இருந்தேன். புத்தகங்கள் எல்லாம் ஒரே காப்பி நிறத்தில் பைண்டு செய்தவை. திறந்து பார்த்தால்தான் எந்த அலமாரிக்குப் போகவேண்டியது என்று தெரியும். சலித்துப்போய், முதுகில் வண்ணத்தாள் ஒட்ட ஆரம்பித்தேன். நிறம் பொறுக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நம் ஊரில் கட்சிக்காரர்கள் விட்டுவைத்த நிறம் ஏது? ஒன்றுக்கு ஒருவர் முறைப்பார், இன்னொன்றுக்கு வேறொருவர். கடைசியில் கதைக்குப் பச்சை, போட்டித் தேர்வுக்குச் சிவப்பு, சமையலுக்கு மஞ்சள் என்று துணிந்து ஒட்டிவிட்டேன்.

கொஞ்ச நாளில் ஊரே நிறங்களைப் படித்துக்கொண்டது. யார் கையில் என்ன புத்தகம் என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதெல்லாம் ஊரில் ஒரு வீட்டு மருமகள் என்னிடம் வந்து நிற்கும்வரைதான்.

அவள் வீட்டுக்குத் தெரியாமல் குரூப் ஃபோர் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கப்புறம் படிப்பு எதற்கு என்கிற மாமனார், தினமும் காலையில் பேப்பர் படிப்பது என் நூலகத்தில்தான்.

"முன்ன ஏதோ கத புக்குன்னு வுட்டுட்டாரு, அக்கா. செவப்புத் தாளப் பாத்தா இங்க வரவே வுடமாட்டாரு."

எனக்கு வந்த கோபத்தில் சிவப்பை உரித்துவிட்டு மஞ்சளை ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் மாமனார் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "எங்கூட்டு மருமவ சமையல் கத்துக்குதுங்க" என்றபோது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

ஒருநாள் மத்தியானம் அவளுடைய மாமியார் அந்தப் புத்தகத்தோடு வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும்.

"இது இன்னா புக்கும்மா?"

"சமையல்தாம்மா."

"சமையல் புக்க எவளாவது மனப்பாடம் பண்ணுவாளா? அடுப்பாண்ட நின்னுக்கினு கவர்னரு, ஜனாதிபதின்னு முணுமுணுக்குது. கொழம்புல ரெண்டு வாட்டி உப்பு போட்டுடிச்சி."

அந்தப் பெண்ணின் படிப்பு இதோடு போச்சு என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"இத முடிச்சிட்டாப்பல இருக்குது. அடுத்தது குடு. மஞ்சத் தாளு ஒட்டியே குடும்மா. அந்த ஆளு கேட்டா, ரசம் வைக்கிற புக்குன்னு நான் சொல்லிக்கிறேன்."