‘இல்லை’ என்று அடிக்க மறுத்தேன்

எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் ஒரு தனியார் பீங்கான் ஆலை ஆபீசில் நான் டைப்பிஸ்ட். ஒருநாள் காலை கடலூர் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து அவசரத் தாள் வந்தது. பீங்கான் ஆலைத் தூசியால் தொழிலாளர்களுக்கு நெஞ்சுநோய் வருகிறதா என்று பாராளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் கேட்டிருந்தாராம். மந்திரி பதில் சொல்ல, ஆலைகள் சாயங்காலத்துக்குள் விவரம் தர வேண்டும்.

மேனேஜர் தாளை முழுசாகப் படிக்கவேயில்லை. “எங்கள் ஆலையில் அப்படி எவரும் இல்லை. அடிம்மா” என்றார்.

என் கை நகரவில்லை. கல்லைப் பொடியாக்கும் அரைவைப் பகுதிப் பெண்களோடுதான் தினமும் மதியச் சோறு சாப்பிடுவேன். அவர்களில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த ஒரு அக்கா, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவார்.

“இருக்காங்க சார்.”

“உன்னைக் கேட்டாங்களா?”

“டில்லியில கேட்டிருக்காங்களே சார்.”

அவர் முறைத்தார். பிறகு என் மெஷினை இழுத்து, ஒற்றை விரலால் தானே தட்டி அனுப்பினார்.

சில வாரம் கழித்துப் பேப்பரில் நாலு வரி வந்தது. ஆலைகள் தந்த தகவல்படி அப்படி நோய் யாருக்கும் இல்லை என்று மந்திரி அவையில் அறிக்கை வைத்துவிட்டார். மதியம் அதைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

“அப்ப நான் இருமுறது பொய்யாம்மா?”

கேள்வி கேட்ட உறுப்பினருக்கே எழுதலாம் என்றேன்.

“வேலை போயிடும்க்கா. பயமா இல்லியா?”

“மூச்சே போவுது. வேலை என்னா பெருசு? எழுது.”

எழுதினேன். பெண்கள் பெயர் சொல்லிக் கைநாட்டு வைத்தார்கள். எல்லாருக்கும் மேலே என் பெயரைப் போட்டு, ஜங்ஷன் தபால்பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

அடுத்த கூட்டத்தொடரில் மந்திரி, முன்பு சொன்ன பதிலைத் திருத்தி இன்னொரு அறிக்கை வைத்தார். ‘சிலர் பாதிக்கப்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது’ என்று அதில் இருந்தது. அந்தச் ‘சிலர்’ என்ற சொல்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனாலும் இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். பெண்களைக் கடலூருக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அரைவை மெஷினுக்கு மூடி போட்டார்கள். அக்காவை அரைவையிலிருந்து மாற்றி, காய்ந்த பீங்கான் பொம்மைகளை அடுக்கும் இடத்தில் விட்டார்கள். அவருடைய இருமல் மட்டும் கடைசிவரை நிற்கவில்லை.

என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். “மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடு, வேலையில இருந்துக்கோ” என்றார் மேனேஜர்.

மெஷினில் தாளைச் செருகி, அவர் எதிரிலேயே அடித்தேன்: ‘எழுதியது நான்தான். எழுதியது உண்மை.’ கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அரைவைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆலை வாசல்வரை கூடவே நடந்து வந்தார்கள்.